மூடல் சான்று

“நேரில் சென்று பார்வையிட்டேன், விதிப்படி மூடப்பட்டுள்ளது” என்ற பொய்யை வாரத்துக்கு எத்தனை தடவைதான் தட்டச்சு செய்வது என்ற சலிப்பில், அதற்கென்றே நகல் எடுக்கிற ஒரு ஸ்டென்சில் வெட்டியவள் நான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. அந்தப் பழைய தட்டச்சு இயந்திரத்தின் கட்டைகள் இறுகிக் கிடக்கும். மாலையானால் சுண்டுவிரல் வீங்கிவிடும். விரல் நோவுக்குப் பயந்து செய்த காரியம் அது.

எண்பதுகளின் பிற்பகுதி. ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ்கள் அதன் வாசலில் புழுதியைக் கொட்டிவிட்டுப் போகும் என்பது போதும். ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போட அனுமதி கேட்டு வருகிற மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். அனுமதித் தாள் இல்லாமல் போர் போடலாம், தடுக்க ஆள் கிடையாது. ஆனால் மோட்டாருக்குக் கரண்டு கனெக்‌ஷன் கிடைக்காது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஜனங்கள் எங்கள் படியேறினார்கள்.

அனுமதிக்கு நிபந்தனைகள் இருந்தன. அவற்றில் ஒன்று இது: அதே நிலத்தில் ஏற்கெனவே போட்டுத் தண்ணீர் கிடைக்காத போர் இருந்தால், அதை அடியிலிருந்து களிமண் போட்டு இறுக்கி, மேல்பகுதியில் சிமெண்டுக் கலவை ஊற்றி, மூடியிட்டு அடைத்த பிறகுதான் அடுத்ததற்கு அனுமதி. மூடியதை ஓவர்சியர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். இதற்கு என்ன காரணம் என்று எந்தக் காலத்திலோ இருந்த ஒரு பொறியாளர் கோப்பில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். மூடாமல் விட்ட துளை, மேலே இருக்கிற அசிங்கம் கீழே இருக்கிற தண்ணீருக்கு நேராக இறங்கிப் போகிற வழி என்று எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் பொய்த்த போரை மூட மாட்டார்கள். அதற்குச் சோம்பல் காரணமில்லை. தண்ணீர் வராத போரை ஜனங்கள் செத்ததாகவே எண்ணுவதில்லை. மழை பெய்தால் ஊறும், பாறைக்குள் கண் திறக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பருத்தி விவசாயி, நிபந்தனையை நான் வாசித்துக் காட்டியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“என்ன தாயி பேசுற? தண்ணிக் கண்ணுல மண்ணள்ளிப் போடச் சொல்றியே! இந்த ஐப்பசி ஏச்சுப்புட்டா அடுத்த ஐப்பசி இல்லையா?”

அவர் அந்தத் துளை மேல் உடைந்த ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்திருந்தாராம். ஆடி வெள்ளிக்கு அதற்குச் சூடம் காட்டுகிறார்களாம். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கும்போது அந்த நம்பிக்கையும் இல்லாவிட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்?

ஆனால் எங்கள் ஓவர்சியர் இந்த நம்பிக்கையைத் தனக்கு வசதியாக்கிக்கொண்டார். எப்படியும் மூடியிருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்தால் ‘மூடவில்லை’ என்று எழுத வேண்டும். எழுதினால் சண்டை, மனு, மேல்மனு. போகாவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் அவர் போகவே மாட்டார். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, நான் தட்டச்சு செய்து கொடுக்கிற சான்றில் கையெழுத்துப் போடுவார். நேரில் போய்ப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரின் செருப்பில் ஒரு பொட்டுக் கரிசல்மண் ஒட்டியிருக்காது.

இதற்குத்தான் நான் ஸ்டென்சில் வெட்டினேன். சர்வே எண்ணுக்கு ஒரு கோடு, உரிமையாளர் பெயருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. மற்றதெல்லாம் அச்சு. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மை உருளையைச் சுற்றச் சுற்ற ‘நேரில் சென்று பார்வையிட்டேன்’ என்று ஒரு கட்டுத் தாள் விழுந்தது. இன்னும் போடாத போர்களுக்கும், பொய்க்கப் போகிற போர்களுக்கும் சேர்த்து. ஓவர்சியர் அந்தக் கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

“தாயி, நீ வந்தபெறகுதான் இந்த ஆபீசுக்கே ஒரு லட்சணம் வந்துருக்கு.”

நான் பூரித்துப்போனேன். தப்புச் செய்ததைவிட அதற்குக் கிடைத்த பாராட்டில் குளிர்ந்துபோய் நின்றேனே, அந்த நிற்பைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீடு ஊர்க் கடைசியில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த தெருவில். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். தெருவுக்கு ஒரே ஓர் அடிபம்பு, அரசு போட்ட ஒரு போரின் மேல். சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு, இல்லையென்றால் சப்பை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எங்கள் தெரு அடிபம்பில் மட்டும் எந்தப் பாறை இடுக்கின் புண்ணியமோ, நல்ல தண்ணீர் வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்து கெஞ்சுவார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மாப்பிள்ளையின் வேலையைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பம்பு போனால் அடுத்த நல்ல தண்ணீர், பஸ் ரோட்டைத் தாண்டி இரண்டு மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றில். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அவளுக்கு அடிபம்பு இருபதடி தூரத்தில் இருந்ததால்தான் குடித்தனம் நடந்தது.

தெருவுக்கு வடக்கே தரிசாகக் கிடந்த நிலத்தை ஒரு சாயப்பட்டறைக்காரர் வாங்கினார். டவுனுக்குள் தறிக்காரர்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். வாறுகால் சாக்கடையில் சிவப்பும் பச்சையுமாக ஓடுகிறதென்று அங்கே ஆட்கள் சண்டைக்கு வர, இங்கே வந்தார். சண்டை போடத் தெரியாத ஜனங்கள் இருக்கிற இடம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

போர் வண்டி வந்தது. வேப்பங்குச்சியோடு நீரோட்டம் பார்க்கிற ஒருவர் நடந்து இடம் காட்டினார், தேங்காய் உடைத்தார்கள். இரண்டு நாள் காது கிழிகிற சத்தம். வெள்ளைப் பாறைத் தூள் தெரு முழுக்கப் பறந்து, உலர்த்திய துணியில், சோற்றில், பல்லுக்கிடையில் எல்லாம் நறநறவென்று இருந்தது. கடைசியில் வெறும் தூள்தான். தண்ணீர் இல்லை. வண்டிக்காரர்கள் துளையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாயில் ஒரு கிழிந்த சாக்கு.

மறுமாதமே இரண்டாவது போருக்கு அவர் மனுவோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. “நம்ம தெருப் பிள்ளையா? நல்லது தங்கச்சி” என்று சிரித்தார். ஓவர்சியர் டீக்கடையிலிருந்தே கையை நீட்டினார். நான் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினேன். சர்வே எண், பெயர், தேதி. கையெழுத்து. வரிசை எண் போட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

மற்றவை எனக்குத் தெரியாத போர்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. எங்கள் புறவாசலில் நின்று பல் துலக்கும்போது அந்தச் சாக்கு எனக்குத் தெரியும். அன்று காலையிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். பிறகு மூடிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் ஒரு கணம்கூட நம்பவில்லை.

இரண்டாவது போரில் தண்ணீர் வந்தது. பட்டறை ஓடத் தொடங்கியது. சாயத் தண்ணீர் வெளியே ஓடவில்லையே என்று தெருவில் எல்லாருக்கும் ஆச்சரியம். அங்கே நூல் அலசப் போன ஒரு பெண்தான் சொன்னாள். பழைய துளைக்குச் சிமெண்டில் வாய்க்கால் கட்டியிருக்கிறார்களாம். “எம்புட்டு ஊத்துனாலும் உள்ள வாங்குதுக்கா. நெறையவே மாட்டேங்குது” என்று ஏதோ அதிசயம் கண்டவள்போல் சொன்னாள். தண்ணீர் தர மறுத்த துளை, காஸ்டிக் சோடாவையும் சாயக் கழிவையும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. பொறியாளரின் அந்த ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதுதான் மனுஷ லட்சணம்.

ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த கோடையில் அடிபம்பில் முதல் குடத்தில் நுரை கட்டியது. அழுகின முட்டை வாடை. முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டுப் பிடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு நான்கு குடம். பிறகு சோறு வடித்தால் கஞ்சி லேசாகச் சிவந்திருந்தது. குழந்தைகளுக்குத் தொடை இடுக்கிலெல்லாம் சொறி. அந்தக் கஞ்சியையும் நாங்கள் கொட்டவில்லை. உப்புப் போட்டுக் குடித்தோம்.

தேவாலயத்தில் திருவிருந்து மேஜைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியைத் துவைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீலம் போட்டு அலசிக் காயவைத்து, கையாலேயே நீவி மடிப்பாள். அந்தச் சனிக்கிழமை கொடியிலிருந்து எடுத்தவள் மடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். துணியின் நடுவில், வடிந்த இடமெல்லாம், பழைய ரத்தத்தைக் கழுவியதுபோல் ஒரு சிவப்பு.

“ஏத்தா, இத எப்பிடி நான் கோயிலுக்குக் கொண்டு போவேன்?”

மூன்று தடவை துவைத்தாள். துவைக்கத் துவைக்கச் சிவப்பு கூடியது. துவைத்ததும் அதே தண்ணீரில்தானே. கடைசியில் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னாள்: “எம் மக அந்த ஆபீசுலதான இருக்கா. அவ பாத்துக்கிருவா.”

மனு எழுதினேன். தெரு முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். நல்ல மனு. நிறம், வாடை, சொறி எல்லாவற்றையும் எழுதினேன். பட்டறையின் பழைய போரில் கழிவு இறங்குவதையும் எழுதினேன். அந்தப் போரை மூடியதாக நாங்கள் கொடுத்த சான்று பொய் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் ஓவர்சியருக்கு வேலை போகும், அவருக்கு முன்னால் எனக்குப் போகும். தற்காலிகம்தானே. அந்தச் சம்பளம்தான் எங்கள் அடுப்பு. மனுவை எழுதியவளும் நான், மறுநாள் அலுவலகத்தில் அதற்கு வரிசை எண் போட்டு வாங்கிக்கொண்டவளும் நான்.

பம்புத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். குடிக்க உகந்ததல்ல என்று முடிவு வந்தது. அதற்குப் பாட்டில் மதுரைவரை போயிருக்க வேண்டியதில்லை.

எங்கள் அலுவலக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மேஜையில் மனு ஒரு பக்கம், பட்டறையின் கோப்பு ஒரு பக்கம் விரிந்திருந்தது. ஓவர்சியர் சுவரோரமாக நின்றார்.

“பழைய போர்ல சாயத் தண்ணி விடுறாங்கன்னு மனுவுல இருக்கு. அந்த போரை மூடியாச்சுன்னு சான்று இருக்கே. மூடின போர்ல எப்படித் தண்ணி விடுவாங்க?”

ஓவர்சியர், “அடிபம்புப் பைப்பே துருப்பிடிச்சுப் போயிருக்குங்கய்யா. அதுலதான் செவப்பு வருது” என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீ அந்தத் தெருதானம்மா. உன் இனிஷியல் இருக்கு இதுல. இந்தச் சான்று சரிதானே?”

ஜீப்பில் ஏறினால் பத்து நிமிஷம். அவர் ஏறவில்லை. சான்று என்று ஒன்று இருப்பதே போய்ப் பார்க்காமல் இருப்பதற்குத்தானே. சும்மா நின்றிருந்தால்கூட அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் சும்மா நிற்கவில்லை.

“சரிதான் சார்” என்றேன்.

அவர் எழுதிய உத்தரவில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. சாயப்பட்டறையின் பழைய போர் கோப்பின்படி இல்லவே இல்லை. அந்த இடத்தில் கெட்டுப்போனதாகச் சோதனையில் தெரிந்த போர் ஒன்றுதான். கெட்டுப்போன போரைத் திறந்து வைத்திருந்தால் யாராவது குடித்துச் சாவார்கள். எனவே பொதுமக்கள் நலன் கருதி அதை விதிப்படி உடனே மூடுக. உத்தரவைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ‘மூடுக’ என்று அடிக்கும்வரை எந்தப் போரைச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்த பிறகும் தாளை உருவாமல் அடித்து முடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெரு அடிபம்பை மூட ஆட்கள் வந்தார்கள். கைப்பிடியைக் கழற்றினார்கள், பம்புத் தலையைக் கழற்றினார்கள், உள்ளிருந்த குழாய்களை ஒவ்வொன்றாக உருவி வண்டியில் போட்டார்கள். பிறகு களிமண்ணை உருண்டை பிடித்து உள்ளே போட்டு, கம்பியால் இடித்து, மறுபடி போட்டு, மறுபடி இடித்தார்கள். மேலே சிமெண்டு. இரும்புத் தகடு. அந்த அலுவலகத்தில் இருந்த வருஷங்களில் ஒரு போரை விதிப்படி மூடி நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். ஓவர்சியர் கூடவே நின்று, “இன்னும் ரெண்டு இடி இடிங்கப்பா” என்று வேலை வாங்கினார். முப்பது கஜம் தள்ளி, பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பழைய துளை சாயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் வெறும் குடத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவள்.

“மனு எழுதுறேன், மனு எழுதுறேன்னு எல்லார்ட்டயும் ரேகை வாங்குனியே. நீ சும்மா கெடந்திருந்தா கழுவக் குளிக்கவாச்சும் தண்ணி இருந்திருக்கும்ல?”

மனுவினால்தான் பம்பு போனதென்று தெரு முழுக்க நம்பியது. நான் மறுக்கவில்லை. உண்மை அதைவிடக் கேவலமாக இருந்ததால் அந்தப் பழி எனக்கு வசதியாகவே இருந்தது. அம்மாவிடம் மட்டும் அன்று மத்தியானம் சொன்னேன். ஸ்டென்சில், கையெழுத்து, ‘சரிதான் சார்’ எல்லாம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குடத்தை எடுத்துக் கொடுத்து, “போயி எங்கயாச்சும் ஒரு கொடம் கொண்டா. ஒல வைக்கணும்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தோம். நான்காம் நாள் சாயப்பட்டறைக்காரர் தன் காம்பவுண்டுச் சுவரில் ஒரு துளை போட்டு, தெருப் பக்கமாக ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார். காலையில் ஒரு மணி நேரம், இலவசமாக. தெருவுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெய்வமாக நிற்கிறார் அண்ணாச்சி என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

என் முறை வந்தபோது அவர் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். என் குடத்தில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“பயப்படாமக் குடிங்க தங்கச்சி. இந்த ரெண்டாவது போருக்கு நான் பாறைக்குள்ளயும் ரொம்ப ஆழத்துக்குக் கேசிங் பைப்பு எறக்கி, சுத்தி சிமெண்டும் ஊத்தியிருக்கேன். மேத்தண்ணி ஒரு சொட்டு கலக்காது. மேத்தண்ணியில என்ன கெடக்குதுன்னு நமக்குத் தெரியாதா?”

குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் இடித்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.